புர்சா பள்ளிவாசலைக் காட்டிய ஜமீலா டீச்சர்

இதை அச்சுக்குக் கோக்கப் போகிறவர் யாரென்று எனக்குத் தெரியாது. முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து ஒரே அளவில் நிற்காது. வரியின் தொடக்கத்தில் கட்டைவிரல் அளவுக்கு இருக்கும். ஓரத்துக்குப் போகப் போக இடம் போதாமல் எறும்பாகச் சுருங்கிவிடும். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன், ஆனாலும் கோட்டின் மேல் உட்கார மறுக்கிறது. ஒரு பக்கம் முடிக்க எனக்கு ஒரு காலைப்பொழுது வேண்டும். எழுபது வயதுக்குப் பக்கத்தில் வந்துதான் எழுதப் படித்தேன். அதனால் எழுதுவது எனக்கு இன்னும் திருவிழா மாதிரி இருக்கிறது. துக்கத்தை எழுதும்போதும் அந்தச் சந்தோஷம் போகமாட்டேன் என்கிறது. டீச்சர் அதைத் தவறாக நினைக்க மாட்டார்கள்.

ஜமீலா டீச்சர் சென்னையில் காலமான செய்தி எனக்குப் பள்ளிவாசல் மைக்கில்தான் வந்தது. அந்தமானில், போர்ட் பிளேர் டாலிகஞ்சில் என் வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் நடுவே ஒரு பலகை வேலிதான் இருக்கிறது. அன்று குழாயில் தண்ணீர் வரும் நாள். டிரம்மில் குழாயைப் போட்டுவிட்டுக் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். பாங்கு நேரம் இல்லாத நேரத்தில் மைக் கரகரத்தால் யாரோ மௌத், இறந்துவிட்டார்கள் என்று எங்கள் தெருவில் எல்லா மதத்தாருக்கும் தெரியும். கையை நிறுத்திக்கொண்டு கேட்டேன். டீச்சருடைய பெயரைச் சொன்னார்கள். பிறகு என்ன செய்தேன் என்று தெரியவில்லை. டிரம் நிறைந்து வழிந்திருக்கிறது. எங்கள் பகுதியில் தண்ணீரை வழியவிடுகிறவன் யாரும் இல்லை. பக்கத்து வீட்டு பெங்காலி அம்மா வேகமாக வந்து குழாயை அடைத்துவிட்டு, "கியா ஹுவா, தாதா?" என்று, என்ன ஆச்சு என்று கேட்டார்.

டீச்சர் போய்விட்டார்கள் என்பதை, "டீச்சர்ஜி சலீ கயீ" என்றேன். இந்த ஊருக்கு வந்து இத்தனை வருடமாகியும் என் இந்தி அவ்வளவுதான். அதைக் கேட்டு அந்த அம்மாவும் குடத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

டீச்சரிடம் படித்தவர்கள் சேர்ந்து இந்த நினைவு மலரைப் போடுகிறார்கள். கடைசியாகப் படித்த மாணவன் நான் என்பதால் என்னையும் எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் பெரிய வேலையில் இருக்கிறவர்கள், அழகாக எழுதியிருப்பார்கள். நான் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டீச்சருடைய தகப்பனார் அதிராம்பட்டினத்திலிருந்து ஜவுளி வியாபாரத்துக்கு வந்து போர்ட் பிளேரில் தங்கியவர். டீச்சர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் வரலாறு நடத்தினார்கள். மாயாபந்தரில் சில வருடம், கார் நிக்கோபாரில் சில வருடம், மீதி இங்கேதான். கணவர் இறந்த பிறகு தம்பி சாகுல் பாய் வீட்டு மாடியில் இருந்தார்கள். சாகுல் பாய்க்கு ஹார்ட்வேர் கடை. எங்கள் தெருப் பள்ளிவாசலின் ஜமாஅத் தலைவரும் அவர்தான்.

என் பெயர் மாரிமுத்து. தொழில் சென்ட்ரிங். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் பலகை அடித்து, முட்டுக் கொடுத்து அச்சுக் கட்டுவோமே, அந்த வேலை. கான்ட்ராக்டர் ஒருவரோடு வாலிபத்தில் கப்பல் ஏறி வந்தவன் திரும்பிப் போகவில்லை. மாயாபந்தரில் கப்பல் ஜெட்டி கட்டும் வேலை, கார் நிக்கோபாரில் குவார்ட்டர்ஸ் வேலை எல்லாம் செய்திருக்கிறேன். நான் அங்கே முட்டு அடித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் டீச்சரும் அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

எங்கள் பள்ளிவாசல் சின்னது. வெள்ளிக்கிழமை பாதிப் பேர் தெருவில் நின்று தொழுவார்கள். மழைக்காலத்தில் குடையோடு தொழ முடியுமா? பெரிதாகக் கட்ட ஜமாஅத் முடிவு செய்தது. ஒரு பக்கம் தெரு, ஒரு பக்கம் சரிவு, பின்னால் சாக்கடை. விரிக்க இருந்த ஒரே பக்கம் என் வீடு.

சாகுல் பாய் நல்ல மனிதர். என் மனைவி கடைசியில் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தபோது அவருடைய ஜீப்தான் அலைந்தது. நியாயமான விலையும் சொன்னார். மாயாபந்தரில் வேலை பார்க்கும் என் மகனும் போனில், "குடுத்துட்டு இங்க வந்துருங்கப்பா, தனியா என்ன செய்றீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். எனக்குத்தான் மனமில்லை. நான் மற்றவர்களுக்கு எத்தனையோ கூரை போட்டிருக்கிறேன். எனக்கென்று போட்ட கூரை அது ஒன்றுதான். ஆனால் ஜீப் கொடுத்த மனிதர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் ஒப்பந்தத் தாளையும் மைப் பெட்டியையும் கொண்டுவந்தபோது வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கைநாட்டு வைக்க மாட்டேன் பாய். கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டுத்தான் போடுவேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இத்தன வயசுக்கு மேலயா, அண்ணே?"

"வயசானா கை இல்லாமப் போயிருமா?"

"டீக் ஹை. லாத்தாகிட்ட போங்க. ஒரு வாரத்துல போடவச்சுருவாங்க." அக்காவை அவர்கள் லாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

இப்படி ஜமாஅத் தலைவரே என்னை டீச்சரிடம் அனுப்பிவைத்தார். நான் மாடிப்படி ஏறிப்போய் விஷயத்தைச் சொன்னேன். டீச்சர் வராந்தாவில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்கள்.

"கையெழுத்து மட்டும் போதுமா, எழுத்தும் வேணுமா?"

"கையெழுத்துதான் கேட்டாரு, டீச்சர்."

"அது மட்டும் கத்துக்கிட்டா அதுவும் கைநாட்டுதான் அண்ணே. மை ஒட்டாத கைநாட்டு. மேல என்ன எழுதியிருக்குன்னு தெரியாமலே போடுவீங்க."

"முழுசும் படிக்க எத்தன நாள் ஆகும்?"

"ஏன், அவசரமா?"

"எனக்கு ஒரு அவசரமும் இல்ல. உங்க தம்பிக்குத்தான்."

டீச்சர் சிரித்தார்கள். "அப்ப நல்லா மெதுவாப் படிப்போம்" என்றார்கள்.

வராந்தாச் சுவர் முழுவதும் போட்டோக்கள் இருந்தன. எல்லாம் ஒரே கட்டடம். ஓய்வு பெற்ற பிறகு டீச்சரும் தம்பி குடும்பமும் உம்ராவுக்காக மக்கா போனார்கள். திரும்பும் வழியில் துருக்கியையும் காட்டுகிறோம் என்று டிராவல்ஸ்காரர்கள் கூட்டிப் போயிருக்கிறார்கள். அங்கே புர்சா என்று ஒரு ஊர். உதுமானிய சுல்தான்கள் இஸ்தான்புல்லைப் பிடிப்பதற்கு முன்னால் தலைநகராக வைத்திருந்த ஊர். அங்கே பெரிய பள்ளிவாசல் என்றே பெயருள்ள ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. கூட வந்தவர்கள் கடைத்தெருவில் துண்டும் மிட்டாயும் வாங்கப் போனார்கள். டீச்சர் மட்டும் உள்ளே போனார்கள், வெளியே வரவில்லை. பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்ததாம். சாகுல் பாய் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்கிறார். "இன்னும் பாதிச் சுவர் பாக்கல, அதுக்குள்ள ஏத்திட்டான்" என்று டீச்சர் எப்போதும் குறைப்படுவார்கள்.

ஒவ்வொரு போட்டோவுக்கும் கீழே ஒரு அட்டையில் ஒரு சொல்லைப் பெரிதாக எழுதி ஒட்டினார்கள். அதுதான் எனக்குப் பாடப்புத்தகம். நான் முதலில் படித்த சொல் 'கல்'. பிறகு தூண், கதவு, சுவர், மரம். 'குவிமாடம்' வருவதற்குள் மழைக்காலமே வந்துவிட்டது. மற்றப் பிள்ளைகள் அணில், ஆடு என்று தொடங்குவார்கள். நான் ஒரு பள்ளிவாசலை அடியிலிருந்து கட்டிக்கொண்டே எழுத்துப் படித்தேன்.

அந்தப் பள்ளிவாசலைப் பற்றி டீச்சர் சொன்னதை எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன். கட்டி அறுநூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஊருக்குப் பின்னால் இருக்கும் மலையிலிருந்து வெட்டிய கல். நீளசதுரமான ஒரே பெரிய கூடம். உள்ளே பன்னிரண்டு கனத்த தூண்கள். அவற்றின் மேல் வளைவுகள், வளைவுகளின் மேல் வரிசைக்கு நான்காக ஐந்து வரிசையில் இருபது குவிமாடங்கள். எல்லாம் ஒரே உயரம் இல்லை. தொழுகைத் திசையை நோக்கிப் போகும் நடுப்பகுதியில் இருப்பவை சற்று உயரம், பக்கங்களுக்குப் போகப் போகத் தாழ்வு. சுல்தான் போரில் ஜெயித்தால் இருபது பள்ளிவாசல் கட்டுவதாக நேர்ந்துகொண்டாராம். ஜெயித்த பிறகு, இருபது கட்டுவதற்குப் பதில் இருபது குவிமாடத்தோடு ஒன்று கட்டலாம் என்று ஒரு பெரியவர் யோசனை சொன்னாராம்.

"இது நடந்ததா, டீச்சர்?"

"போர் நடந்தது. பள்ளிவாசல் இருக்குது. நடுவுல இருக்கிற பேச்சுக்கு நான் சாட்சி இல்ல."

டீச்சர் அப்படித்தான். தெரிந்ததைத் தெரியும் என்பார்கள், கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்பார்கள். இரண்டையும் கலக்கவிட மாட்டார்கள். பிறகு வந்த சுல்தான்கள் ஒரே பெரிய குவிமாடத்தைத் தூக்கி நிறுத்தினார்கள், இவர்கள் ஏன் சின்னச் சின்னதாக இருபது போட்டார்கள் என்று நான் கேட்டேன். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

"பெருசா ஒண்ணு போடணும்னா முட்டுக்கே ஒரு காடு வேணும். சின்னதுன்னா ஒண்ணு இறுகினதும் அதே பலகையைக் கழட்டி அடுத்ததுக்குக் கொண்டு போகலாம். நான்னா அப்படித்தான் செய்வேன்."

"இருக்கலாம். செங்கல் குவிமாடத்துக்கு எவ்வளவு பலகை வச்சாங்கன்னு எனக்குத் தெரியாது. படிச்சுப் பார்த்துச் சொல்றேன்" என்றார்கள். பிறகு படித்தும் பார்த்தார்கள். உறுதியாக ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொன்னார்கள். எனக்கு அதுவே போதும். என் யோசனையைப் புத்தகத்தில் தேடிப் பார்த்தவர் அதற்கு முன் யாரும் இல்லை.

பிரசங்க மேடை ஒன்று உண்டு, வால்நட் மரம். சின்னச் சின்ன மரத்துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்து ஆணி இல்லாமல் செய்ததாம். "ஆணி இல்லாமலா?" என்றேன். "அப்படித்தான் சொன்னாங்க. நான் பிரிச்சுப் பாக்கல" என்றார்கள். மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் இறுகும். துண்டு துண்டாகக் கோத்தால் விரிய இடம் இருக்கும், பலகை பிளக்காது. எங்கள் தீவு ஈரத்தில் கதவு ஊதி ஊதிச் சீவியவனுக்கு அது சொல்லாமலே விளங்கியது. ஒரு தடவை பெரிய நிலநடுக்கத்தில் குவிமாடங்களில் பெரும்பாலானவை விழுந்துவிட்டன, திரும்பக் கட்டினார்கள் என்றும் சொன்னார்கள். சுனாமியைக் கண்ட தீவுக்காரர்களான எங்களுக்கு ஒருவருக்கொருவர் நிலநடுக்கத்தை விளக்கத் தேவையில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது எழுத்துகள்தான். சுவரிலும் தூணிலும் ஆள் உயரத்துக்குக் கறுப்பில் அரபு எழுத்துகள். ஒரு எழுத்து என்னைவிட உயரம். அரபு எனக்குத் தெரியாது. ஆனாலும் எழுத்தை இவ்வளவு பெரிதாக மதித்தவர்கள் இருந்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. "என் எழுத்தும் ஒருநாள் அந்த அளவு வருமா, டீச்சர்?" என்றேன். "இப்பவே அந்த அளவுதான் இருக்குது அண்ணே. நாம சின்னதாக்கத்தான் கஷ்டப்படுறோம்" என்றார்கள்.

கூடத்தின் உள்ளே, தொழுகிறவர்களுக்கு நடுவில், ஒரு நீரூற்று இருக்கிறது. பளிங்குத் தொட்டி. சுற்றி உட்கார்ந்து, தொழுகைக்கு முன்னால் முகம் கைகால் கழுவி ஒளு செய்வார்கள். அதற்கு நேர் மேலே உள்ள குவிமாடம் மற்றவை போல மூடியதில்லை. முன்பு வானம் தெரியும்படி திறந்திருந்தது, இப்போது கண்ணாடி போட்டிருக்கிறார்கள். பள்ளிவாசலுக்குள் ஏன் தண்ணீர் என்று நான் கேட்டபோதுதான் டீச்சர் அந்தக் கதையைத் தன் கையால் எழுதிக் கொடுத்து, "நீங்களே படிங்க" என்றார்கள். நான் முதன்முதலாக முழுதாகப் படித்த பக்கம் அது.

பள்ளிவாசல் கட்ட எல்லாரும் நிலத்தைக் கொடுத்தார்களாம். நடுவில் வீடு வைத்திருந்த ஒரு மூதாட்டி மட்டும் கொடுக்கவில்லையாம். சுல்தானின் ஆட்கள் சுற்றிலும் கட்டிக்கொண்டே வந்தார்களாம். பிறகு அந்த இடம் கைக்கு வந்தபோதும், மனதாரக் கொடுக்காத மண்ணில் நெற்றியை வைத்துத் தொழக்கூடாது என்று அங்கே மட்டும் நீரூற்றை அமைத்தார்களாம்.

படித்து முடித்ததும் எனக்குக் கால் தரையில் இல்லை. அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். டீக்கடையில், ரேஷன் கடையில், பஸ் ஸ்டாப்பில் எல்லாரிடமும் சொன்னேன். "சுல்தானே ஒரு கிழவி வீட்டைத் தொடலை, தெரியுமா?" டீக்கடைக்காரர், "நீங்க கிழவியா, மாரி அண்ணே?" என்று கேட்டார். அதற்கும் சிரித்தேன். எனக்கு ஒரு சட்டப்புத்தகமே கிடைத்த தைரியம் வந்துவிட்டது.

ஒரு வாரம் என்று தொடங்கியது ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டது. சாகுல் பாய் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் பாடம் நடக்கும்போதே தாளோடு மாடி ஏறி வந்துவிட்டார்.

"லாத்தா, இவரு என்ன ஐ.ஏ.எஸ். பரீட்சையா எழுதப்போறாரு? பேரு எழுத வருதா இல்லையா?"

"வருது" என்றார்கள் டீச்சர்.

"அப்ப போடுங்க, அண்ணே."

நான் எழுந்து நின்று, சட்டைப்பையிலிருந்து பக்கத்தை எடுத்து, ஒரு எழுத்து விடாமல் படித்துக் காட்டினேன். படித்து முடித்து, "இப்ப சொல்லுங்க பாய்" என்றேன்.

சாகுல் பாய், "நான் என்ன சுல்தானா? என்கிட்ட இருக்கிறது ஆணிக் கடை" என்றார். ஆனால் முகம் தொங்கிவிட்டது. மார்க்கம் தெரிந்த மனிதர், அந்தக் கதை அவரைத் தொட்டுவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது டீச்சர் சொன்னார்கள். "தம்பி, அந்தக் கதைக்கு ஆதாரம் இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டீச்சர் என்னைப் பார்த்தே சொன்னார்கள். "அது அந்த ஊர்ல சொல்ற கதை அண்ணே. ஆராய்ஞ்சவங்க வேற மாதிரி சொல்றாங்க. அதுக்கு முந்தின பள்ளிவாசல்கள்ல நடுவுல திறந்த முற்றம் இருக்கும், அங்க தண்ணி இருக்கும். புர்சா பனி விழுற ஊரு. முற்றத்த வெளிய விட முடியல. கூரைக்கு உள்ளயே கொண்டுவந்து, மேல ஒரு இடத்த மட்டும் திறந்து விட்டாங்க. அவ்வளவுதான். நான் எழுதினதுல ஒவ்வொரு வரியையும் 'கொடுத்தார்களாம்', 'வந்தார்களாம்'னு 'ஆம்' போட்டுத்தான் முடிச்சிருக்கேன், பாருங்க."

பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

"என்ன டீச்சர், என் காலை வாரிட்டீங்களே" என்றேன்.

"கதைய வச்சு வீட்டக் காப்பாத்தாதீங்க. நாளைக்கு வேற யாராவது வேற கதை கொண்டுவந்தா, அப்ப எழுந்து போயிருவீங்களா? வீடு உங்களுது. குடுக்க இஷ்டமா? இஷ்டமில்லையா? அதச் சொல்லுங்க, போதும். அதுக்கு சுல்தான் எதுக்கு, கிழவி எதுக்கு?"

சாகுல் பாய் தாளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு வருடத்துக்கு மேலாக எழுத்துக்குப் பின்னாலும் கதைக்குப் பின்னாலும் நின்றவன், அன்றைக்குத்தான் வெளியே வந்து நின்றேன்.

"எனக்கு இஷ்டமில்ல, பாய்" என்றேன். "நீங்க செஞ்சத மறக்கல. ஆனாலும் இஷ்டமில்ல."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, அண்ணே" என்றார் அவர். தாளை நாலாக மடித்தார். என்மேல் அவர் கோபப்படவில்லை. கோபமெல்லாம் அக்கா மேல் போயிற்று. ஜமாஅத்தில் அவரைக் கேலி செய்திருக்கிறார்கள், சொந்த வீட்டு மாடியிலேயே எதிர்க்கட்சி நடக்கிறது என்று. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவர் அக்காவோடு பேசவில்லை. சாப்பாடு மேலே வரும், பேச்சு வராது. பள்ளிவாசல் விரிய வேண்டும் என்று டீச்சருக்கும் ஆசைதான். தெருவில் மழையில் நின்று தொழுதது அவர்களுடைய தம்பியும்தானே. அதையும் இதையும் தெரிந்தேதான் அன்றைக்கு அப்படிச் சொன்னார்கள். இதை எழுத வேண்டும் என்றுதான் நான் இந்தக் கட்டுரைக்கே ஒப்புக்கொண்டேன்.

அந்த வருடம் நோன்பு வந்தது. ஒவ்வொரு வருடமும் சாயங்காலம் தூக்குவாளியை எடுத்துப்போய்ப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கி வருவேன். தெருவில் எல்லா வீட்டுக்காரர்களும் வாங்குவார்கள். அந்த முறை போகக் கூச்சமாக இருந்தது. சில நாள் போகவில்லை. ஒரு சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாகுல் பாய் குரல் கேட்டது.

"மாரி அண்ணே, வாளிய நீட்டுங்க. கஞ்சிக்குமா கையெழுத்துப் போடணும்?"

நீட்டினேன். நிறைய ஊற்றினார். "மாடிக்கு ஒரு வாளி நானே கொண்டுபோறேன்" என்று அவராகவே சொல்லிவிட்டுப் போனார். டீச்சரோடு பேச்சு அன்றைக்குத் தொடங்கியது என்று பிறகு தெரிந்தது.

பள்ளிவாசலை மேலே உயர்த்திக் கட்டினார்கள். மாடி போட்டார்கள். சென்ட்ரிங் அடித்த பையன்களின் முட்டு ஒன்று சாய்ந்து நின்றதை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துச் சத்தம் போட்டேன். மறுநாளிலிருந்து சாகுல் பாய் என்னையே மேற்பார்க்கச் சொன்னார். வயதானவர்களுக்கு மாடி ஏற முடியாது, கீழே இன்னும் நெருக்கம்தான். அதற்கு யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் நான் அந்த நெருக்கத்தைப் பார்ப்பேன்.

இந்த வருடம் டீச்சருக்கு நெஞ்சு வலி வந்தது. இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, மெயின்லாண்டில் சென்னைக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். புறப்படும் காலையில் நான் மாடிக்குப் போனேன். "நான் வர்றதுக்குள்ள ஏதாவது எழுதி வையுங்க" என்றார்கள்.

"எதப் பத்தி, டீச்சர்?"

"எதப் பத்தி வேணும்னாலும். ஆனா புகழ்ந்து எழுதாதீங்க. நடந்தத எழுதுங்க. நடந்ததா தெரியலைன்னா 'ஆம்' போட்டு எழுதுங்க."

வாசலில் சாகுல் பாய் ஜீப் ஹாரன் அடித்தார். "எப்பவும் இவனுக்கு ஹாரன்தான்" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினார்கள். நான் கேட்ட கடைசிப் பேச்சு அது.

சென்னையிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். இங்கே அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குப் பிறகு, காயிப் ஜனாஸா வைத்தார்கள். அடக்கமானவர் வேறு ஊரில் இருந்தாலும் இங்கிருந்தே அவருக்காகத் தொழுவது. எங்கெங்கிருந்தோ டீச்சரிடம் படித்தவர்கள் வந்துவிட்டார்கள். மாயாபந்தரிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள்கூட இருந்தார்கள். கீழ்த்தளம் நிறைந்தது, மாடி நிறைந்தது. தெருவில் பைப்புக்குத் தோண்டிய பள்ளம், அதில் மழைத்தண்ணீர். ஆட்கள் நிற்க இடமில்லாமல் பள்ளத்து ஓரத்தில் தத்தளித்தார்கள்.

நான் கடப்பாரையை எடுத்து என் வேலிப் பலகைகளைக் கழற்றினேன். என் கையால் அடித்த ஆணிதான், எது எங்கே என்று எனக்குத் தெரியும். நான்கைந்து பலகை எடுத்ததும் ஆள் நுழையும் வழி வந்தது. பள்ளிவாசல் பக்கத்து ஆட்கள் பார்த்தார்கள். ஆனால் யாரும் காலை எடுத்து வைக்கவில்லை. என் வீட்டு விஷயம் எல்லாருக்கும் தெரியும். என் முகத்தையும் சாகுல் பாய் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கழற்றிய பலகைக்கு அந்தப் பக்கமே நின்றார்கள்.

சாகுல் பாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்.

"அண்ணே, உங்க சம்மதமா?"

"சம்மதம், பாய்" என்றேன். "இன்னைக்கு."

"இன்னைக்கு" என்று அவரும் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி, முதலில் அவரே என் முற்றத்தில் கால் வைத்தார். பின்னால் எல்லாரும் வந்தார்கள். என் வீட்டுச் சுவர்வரை வரிசை வரிசையாக நின்றார்கள். ஜனாஸா தொழுகையில் குனிவதில்லை, நெற்றியைத் தரையில் வைப்பதில்லை, நின்றபடியே முடிந்துவிடும். அதனால் ஈரமண் தடையாக இல்லை. நான் சமையல்கட்டு வாசலில் கைகட்டி நின்றேன். பெங்காலி அம்மா தன் வீட்டு வானொலியை நிறுத்தியிருந்தார்.

முடிந்ததும் வந்தவர்கள் ஒவ்வொருவராக என் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். முற்றம் காலியானது. சாகுல் பாய் மட்டும் போகாமல் நின்று, கீழே கிடந்த பலகை ஒன்றை எடுத்து வேலியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, "அடிங்க அண்ணே" என்றார். அவர் பிடித்தார், நான் அடித்தேன். எல்லாப் பலகையும் பழைய இடத்துக்குப் போயிற்று. நிலத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

டீச்சர், போய் வாருங்கள். நீங்கள் சொன்னபடி நடந்ததைத்தான் எழுதியிருக்கிறேன். புகழ்ந்த இடம் ஏதாவது இருந்தால் அது கை தவறி வந்தது. உங்கள் போட்டோக்களை நான் கேட்டால் தருவதாகச் சாகுல் பாய் சொல்லியிருக்கிறார். நீங்கள் பார்க்காமல் விட்ட பாதிச் சுவரில் என்ன இருக்கிறது என்று தேடிப் படித்து அடுத்த வாரம் எழுதுகிறேன். இன்று விரல் மரத்துவிட்டது. நான் எழுதுவதை இனிமேல் தானே திருத்துவதாகச் சாகுல் பாய் சொல்கிறார். அவருடைய தமிழை நீங்கள் ஒருநாளும் நம்பியதில்லை. நானும் நம்பவில்லை. ஆனாலும் கொண்டுபோய்க் காட்டுவேன்.